பத்தொன்பதாவது வாக்கியம்

கொட்டகலை,
2024 பெப்ரவரி 4, ஞாயிறு.

அன்புள்ள தங்கை டோரீனுக்கு, அண்ணன் மரியரட்ணம் எழுதுவது.

ஆண்டவர் தயவில் இவ்விடம் யாவரும் சுகம். உன் சுகத்தையும் மகள் றொசானா, பேரப்பிள்ளைகள் சுகத்தையும் அறிய ஆவல். காதுக் கருவி விசில் அடிக்கிறது என்று நீ அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டதாக றொசானா போனில் சொன்னாள். உனக்குக் காது கேட்காததால் நம் பேச்சு குறைந்துவிடவில்லை. நான் எப்போதும் கடிதத்தில்தான் கொஞ்சமாவது பேசுபவன்.

ஓர் உதவி கேட்கிறேன். கேட்கலாமா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக யோசித்தேன்.

எங்கள் பங்கு ஃபாதர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தோட்டங்களிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் தங்கள் நோயைச் சிங்களத்தில் சொல்லத் தெரிவதில்லை. கூடப் போய்ச் சொல்ல இருந்த பிள்ளைகள் எல்லாம் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் ஒரு சிறு கைந்நூல் வேண்டுமாம். முதலில் தமிழ், அடுத்துத் தமிழ் எழுத்திலேயே சிங்களம், கடைசியில் ஆங்கிலம். ஆங்கிலத்தை முப்பத்தெட்டு வருடம் படிப்பித்தேன், அதில் பெரிய பிழை வராது என்று நம்புகிறேன். என் சிங்களம் பரீட்சைக்குப் படித்த சிங்களம். நீ நாற்பத்தைந்து வருடம் அந்த மொழியில் சமைத்து, சண்டை பிடித்து, பிள்ளை வளர்த்தவள். வாக்கியங்களைப் பார்த்துத் திருத்தித் தருவாயா?

வேலை தொடங்கியபோது ஒன்றைக் கவனித்தேன். நம் ஆட்கள் சொல்லும் நோவுகளில் பத்தில் ஒன்பது 'எனக்கு' என்று தொடங்குகின்றன. எனக்குக் காய்ச்சல், எனக்குத் தலை சுற்றுது. தமிழில் நோயை நாம் செய்வதில்லை. அது நம் பெயருக்கு வருகிறது, தபால் மாதிரி. சிங்களத்திலும் அப்படியே 'மட்ட' என்று தொடங்கினால் போதும், பாதி வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலம்தான் வேறு குணம். அங்கே குளிரைக்கூட 'ஐ' தானே ஏற்றுக்கொள்கிறது: ஐ ஆம் கோல்ட். காய்ச்சலை 'ஐ ஹாவ்' என்று சொத்து மாதிரி வைத்திருக்கிறது. இது எனக்கு மட்டும்தான் வியப்பாக இருக்கிறதோ தெரியவில்லை. ஃபாதரிடம் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பன்னிரண்டு வாக்கியங்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். மாதிரிக்குச் சில:

1. எனக்குக் குளிர்கிறது. மட்ட சீதலயி.
2. எனக்குப் பசிக்கிறது. மட்ட படகினியி.
5. எனக்கு விளங்கவில்லை. மட்ட தேரென்னே நே.
7. எனக்குத் தெரியாது. மட்ட தன்னே நே.

அவசரமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன் மரியம்


பொல்பிட்டிய,
2024.02.13

அன்புள்ள அண்ணனுக்கு,

டோரீன் எழுதுகிறேன். இங்கே எனக்கும் றொசானாவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் சுகம். நாய்க்குக் காலில் புண். அங்கே யாவரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள் ஒருவர், பூனை ஒன்று. யாவரும் என்றால் யார் யார்?

தாளைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நீங்கள் நினைக்கிற அளவுக்கு உங்கள் சிங்களம் மோசமில்லை, மந்திரிக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நாலாவதையும் ஒன்பதாவதையும் கடைத்தெருவில் பேசுகிற மாதிரி மாற்றியிருக்கிறேன்.

ஏழாவது பிழை. சிங்களத்தில் யாரும் 'மட்ட தன்னே நே' என்று சொல்லமாட்டார்கள். 'மம தன்னே நே' என்றுதான் சொல்லவேண்டும். மம என்றால் நான். பசி, குளிர், விளங்காதது எல்லாம் மட்ட. தெரியாது என்பதற்கு மட்டும் மம. நான் கல்யாணமான புதிதில் இதே பிழையை விட்டு மாமியார் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் மச்சான் கிங்ஸ்லி மட்டும் சிரிக்காமல், "தெரியாமல் இருப்பது இங்கே ஆள் செய்கிற வேலை, தானாக வருகிறது இல்லை" என்று சொல்லித் தந்தார்.

தமிழில் அது உங்களுக்கு வசதியான வாக்கியம். அப்பா கேட்ட அன்றைக்கும் அதைத்தானே சொன்னீர்கள். அதை விடுங்கள். எழுத வந்தது அது அல்ல.

மிச்ச வாக்கியங்களை அனுப்புங்கள். எனக்குப் பொழுது போகிறது. காது கேட்காதவளுக்கு டிவியில் எல்லாரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறார்கள்.

இருமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

தங்கை டோரீன்


கொட்டகலை,
2024 மார்ச் 3, ஞாயிறு.

அன்புள்ள டோரீனுக்கு,

கடிதமும் திருத்தமும் கிடைத்தன. கர்த்தரின் இரக்கத்தால் இவ்விடம் சுகம். 'யாவரும்' என்பதை உன் ஆட்சேபத்தை மதித்து எடுத்துவிட்டேன். நாயின் புண் ஆறியதா?

ஏழாவது வாக்கியத்தைத் திருத்தினேன். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மொழியும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பி நடந்தவனுக்கு நடுவழியில் ஒரு படி குறைந்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு இப்போது வரவில்லை.

ஆங்கிலத்தில் வேறொரு குறை இருக்கிறது. அடிபட்டவனும் அங்கே 'மீ', வாங்கிக்கொண்டவனும் 'மீ'. தே பீட் மீ, தே கேவ் மீ டீ. நமக்கு என்னை அடித்தார்கள், எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். சிங்களத்திலும் மாவ வேறு, மட்ட வேறு. ஒரு காலத்தில் ஆங்கிலக்காரரிடமும் 'எனக்கு' இருந்திருக்கிறது. 'மீதிங்ஸ்' என்று ஒரு பழைய சொல் உண்டு. அதற்கு 'நான் நினைக்கிறேன்' என்று பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தோன்றுகிறது என்பதுதான் சரி என்று ஓய்வு பெற்ற பிறகு அகராதியில் பார்த்தேன். சிறுவயதில் லத்தீன் பூசையில் நான் 'நோபிஸ், நோபிஸ்' என்று பதில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதுவும் 'எங்களுக்கு' தான். அர்த்தம் தெரியாமல் பத்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், எங்களுக்கு, எங்களுக்கு என்று.

அடுத்த எட்டு வாக்கியங்கள்:

13. எனக்கு அடிவயிறு கனமாக இருக்கிறது.
14. எனக்குப் பசி குறைந்துவிட்டது.
15. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.
16. எனக்கு அடிக்கடி வெளியே போக வேண்டியிருக்கிறது.
17. எனக்குச் சிறுநீர் போகும்போது எரிகிறது.
18. எனக்கு முழங்காலில் நோவு இல்லை.
19. எனக்குச் சிறுநீரோடு இரத்தம் போகிறது.
20. எனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சிங்களப் பத்தியை நீயே நிரப்பினால் நல்லது. பத்தொன்பதாவதற்கு மரியாதையான சொல் எது என்று எனக்கு நிச்சயமில்லை. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அண்ணன்


பொல்பிட்டிய,
2024.03.12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் சுகம். நாயும் சுகம்.

சிங்களம் நிரப்பியிருக்கிறேன். பத்தொன்பதுக்கு 'மட்ட முத்ரா எக்க லே யனவா' என்று சொன்னால் போதும், மரியாதையாகத்தான் இருக்கும். இருபதுக்கு 'மட்ட மேக கியன்ன லஜ்ஜயி'.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, முழங்காலில் நோவு இல்லை என்று சொல்கிற மனிதர் யார்? அப்படி ஒரு வாக்கியத்தை யார் கைந்நூலில் சேர்ப்பார்கள்?

உங்களிடம் படித்த பிள்ளைகள் சொல்கிற பகிடி எனக்குத் தெரியும். "சேர் போர்டுல 'இட் இஸ் ரெய்னிங்' எழுதணும்னா மழ வரணும். அதுவரைக்கும் சோக்க கையில வச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே நிப்பாரு." உண்மையில்லாத உதாரணத்தை எழுத உங்களுக்குக் கை வராது. சின்ன வயதில் என் கொப்பியில் 'என் அண்ணன் உயரமானவன்' என்று நான் எழுதியதை 'என் அண்ணன் நடுத்தர உயரமானவன்' என்று திருத்தினீர்கள்.

முதல் பன்னிரண்டு வாக்கியமும் தோட்டத்து ஆட்களுடையது. இந்த எட்டும் ஒரே ஆளுடையது. அந்த ஆளுக்குக் கண் தெரிகிறது, முழங்கால் நோவில்லை.

பத்தொன்பது யாருடையது, அண்ணா?

உடனே எழுதுங்கள்.

டோரீன்


கொட்டகலை,
2024 ஏப்ரல் 21, ஞாயிறு.

அன்புள்ள டோரீனுக்கு,

ஆண்டவர் தயவில் இவ்விடம் சுகம். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். பாஸ்கா வந்தது, புதுவருஷம் வந்தது, தபால் ஒழுங்காக ஓடவில்லை. நாற்பது நாளுக்கு இந்தக் காரணங்கள் போதாது என்று நீ சொல்வாய்.

பத்தொன்பது, ஒருவர் சொன்னது. பெயர் எழுதுவது முறையல்ல.

கைந்நூலைச் சோதித்துப் பார்க்க, போன மாதக் கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோட்டத்து மேல் லயத்து அழகம்மா முழங்காலைக் காட்ட என்னோடு வந்தாள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். பஸ்ஸில் அவளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டாள். டொக்டருக்கு முன்னால் நின்று 'மட்ட ரிதெனவா', எனக்கு நோகிறது, என்று சொல்லி முழங்காலைத் தட்டிக் காட்டினாள். டொக்டர் ஒரு இளம்பெண், சிங்களப் பிள்ளை, நல்ல மாதிரி. சிரித்துக்கொண்டே எத்தனை நாளாக என்று கேட்டது. அது கைந்நூலில் இல்லை. நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அதோடு வினை வந்தது. வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களில் தமிழ் ஆட்கள் எல்லாம் எழும்பிவிட்டார்கள். "சேர், எனக்கும் ஒரு வார்த்த சொல்லிக் குடுத்துட்டுப் போங்க." "சேர், எனக்குப் பித்தம்னு சொல்லுங்க." "பித்தம்னு சொல்லாதீங்க சேர், இவருக்குக் குடி, அதச் சொல்லுங்க." கடைசியாகச் சொன்னது அவருடைய சம்சாரம். பதினொரு பேருக்குச் சொன்னேன். அதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. டொக்டர் என் கையிலும் ஒரு நோயாளித் துண்டுச்சீட்டு இருப்பதைப் பார்த்து, "சேர்ட்ட மொகத அமாருவ?" என்று கேட்டது. உங்களுக்கு என்ன கஷ்டம் என்று.

பக்கத்தில் அழகம்மா நின்றாள். பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். நான் ஆங்கிலத்தில் 'ஹெட்ஏக்' என்று சொன்னேன். பனடோல் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அழகம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க சேர், எத்தன நாளா தலவலி?"

"கொஞ்ச நாளா."

"தலவலிக்கு யாராச்சும் ஹட்டன் வாறதுக்குள்ள மூணு தரம் பஸ்ஸ நிப்பாட்டச் சொல்வாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. "எங்களுக்கெல்லாம் வாய் குடுத்தீங்க. ஒங்க வாய எங்கிட்டு வச்சீங்க?"

சோதனை முடிவு: ஒன்று முதல் பதினெட்டு வரை சரி. பத்தொன்பதும் இருபதும் சோதிக்கப்படவில்லை.

றொசானாவுக்கு என் ஆசீர்.

அண்ணன்


பொல்பிட்டிய,
2024.04.26

அண்ணனுக்கு,

நான் சுகமாக இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இரத்தம் போகிறவர் நீங்கள். எத்தனை மாதமாக? கிங்ஸ்லியும் இப்படித்தான் வாயுக் கோளாறு, வாயுக் கோளாறு என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். படம் பிடித்துப் பார்த்த அன்றைக்கு டொக்டர் கேட்டது ஒரே கேள்வி. ஏன் இவ்வளவு நாள்? அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

ஒன்றை இப்போது எழுதுகிறேன். இதுவரை எழுதவில்லை. 1979இல் கினிகத்தேனைக் கோயிலில், வீட்டை மீறி நடந்த என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க நீங்கள் வருவீர்கள் என்று பதினொரு மணி வரை நின்றோம். நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். கிங்ஸ்லியின் கடிதங்களை எனக்குக் கொண்டுவந்து தந்ததே நீங்கள்தான். கடைசியில் கோயில் மணி அடிக்கிறவர் கையெழுத்து வைத்தார். முதல்நாள் அப்பா உங்களிடம், இது உனக்குத் தெரியுமா என்று கேட்டதும், எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னதும் பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பழி சொல்ல எழுதவில்லை. நீங்கள் கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு வாய் அடைத்துப்போகும். அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லாமல் போனது. இப்போது உங்கள் பக்கத்தில் யாரும் இல்லாமல் போகிறது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

டோரீன்


கொட்டகலை,
2024 மே 5, ஞாயிறு.

அன்புள்ள டோரீனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன்.

நீ சொன்னது சரி. ஜனவரியிலிருந்து. முதலில் பீட்ரூட் சாப்பிட்டதால் என்று நினைத்தேன். ஒரு மாதம் பீட்ரூட் சாப்பிடாமல் சோதித்துப் பார்த்தேன்.

அன்று ஆஸ்பத்திரியில் என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. பத்தொன்பதாவது வாக்கியத்தை ஆங்கிலத்தில் நல்ல எழுத்தில் எழுதி, நாலாக மடித்து வைத்திருந்தேன். சொல்ல முடியாவிட்டால் அதை நீட்டிவிடலாம் என்று. கையைப் பைக்குள் விட்டேன், தாளைத் தொட்டேன். அப்படியே வெளியே எடுத்தேன், வெறும் கையை. அந்த டொக்டர் பிள்ளைக்கு றொசானாவின் மூத்த மகள் வயதிருக்கும்.

நீ வர வேண்டாம். மூன்று பஸ் மாற வேண்டும், உனக்கு ஹோர்ன் சத்தம் கேட்காது, பஸ் ஸ்டாண்டில் ஏதாவது நடந்துவிட்டால் றொசானாவுக்கு நான் என்ன சொல்வது? எழுபத்தாறு வயது ஆகிவிட்டது. ஆண்டவர் சித்தம் எதுவோ அது நடக்கட்டும். கைந்நூலை முடித்துவிட்டால் எனக்கு நிம்மதி.

பழைய விஷயத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயிற்று. பொறுத்துக்கொள்.

அண்ணன்


பொல்பிட்டிய,
2024.05.10

அண்ணனுக்கு,

ஆண்டவர் சித்தத்தை அவர் பார்த்துக்கொள்வார். இருபதாம் திகதி, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி, ஹட்டன் பஸ் ஸ்டாண்ட், பழக்கடைக்கு முன்னால். றொசானா என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

நீங்கள் வராவிட்டால் பதினொரு மணி வரை நிற்பேன்.

டோரீன்


கொட்டகலை,
2024 மே 26, ஞாயிறு.

அன்புள்ள தங்கை டோரீனுக்கு,

எனக்குச் சுகமில்லை. ஒரு கடிதத்தை இப்படித் தொடங்குவது இதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்தேன், எழுத வருகிறது. நீ பத்திரமாக வீடு சேர்ந்ததை றொசானா சொன்னாள்.

திங்கட்கிழமை நடந்ததில் உனக்குக் கேட்காத பாதி இருக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது. வரிசையாக எழுதுகிறேன்.

உள்ளே போனதும் நீ டொக்டருக்கு முன்னால் கைப்பையை வைத்துவிட்டு, "டொக்டர், மகே அய்யாட்ட முத்ரா எக்க லே யனவா, மாச ஹதரக் திஸ்ஸே" என்று சொன்னாய். என் அண்ணனுக்குச் சிறுநீரோடு இரத்தம் போகிறது, நாலு மாதமாக. உன் காதுக்கு அது மெல்லிய குரலாக இருந்திருக்கும். கதவு திறந்திருந்தது. வெளியே வாங்கில் இருந்தவர்கள், மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றவர்கள், எல்லாருடைய பேச்சும் நின்றுவிட்டது. தாதி மிஸி தன் கையில் இருந்த ஃபைலை மேசையில் வைத்த சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன்.

டொக்டர் உன்னிடம், எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டது. உனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, வாய் வரவில்லை. கைந்நூல் பிரதியின் பின்பக்கத்தில் 'எரிச்சல் உண்டா என்கிறார். உண்டு' என்று எழுதி உன் பக்கம் தள்ளினேன். நீ அதை வாசித்துச் சிங்களத்தில் உரக்கச் சொன்னாய். இப்படி ஏழு கேள்வி நடந்தது. ஏழாவதில் டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சேர், நீங்கள் இங்கே பதினொரு பேருக்கு மொழிபெயர்த்தவர் இல்லையா?" என்று கேட்டது. எனக்கு நினைவிருக்கிறது, நீ அப்போது என்ன என்ன என்று என் கையைச் சுரண்டினாய். நான் ஒன்றுமில்லை என்று எழுதினேன். அது பொய். மன்னித்துக்கொள்.

பிறகு டொக்டர் என் பழைய துண்டுச்சீட்டைப் பார்த்தது. தலைவலி என்று இருந்தது. சிரிக்கும் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "பெரும்பாலான ஆம்பிளைகளுக்கு இது தலைவலியாகத்தான் தொடங்குகிறது" என்று சொன்னது.

நாம் வெளியே வந்தபோது வாசலில் ஒரு வயதான சிங்களக்காரர் நின்றாரே, சாரமும் பழைய கோட்டும், உருளைக்கிழங்கு பயிர் செய்கிறவர் மாதிரி. அவர் உன்னிடம் ஏதோ சொன்னார், நீ வெறுமனே தலையாட்டிவிட்டு வந்தாய். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மட்டத் எஹெமயி, நங்கி." எனக்கும் அப்படித்தான், தங்கச்சி. பிறகு உள்ளே போனார். அவர் எந்தப் பொய் நோயைச் சொல்ல வந்திருந்தாரோ, அதை விட்டு உண்மையைச் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

முழங்காலுக்கு மறுபடி மருந்து எடுக்க வந்திருந்த அழகம்மா வாங்கில் இருந்தபடி சொன்னதும் உனக்குக் கேட்டிருக்காது. "சேர் தங்கச்சி போட்ட சத்தம் லிந்துல வரைக்கும் கேட்டிருக்கும். இனி சேர் எங்க போயி வெக்கப்படுறது? எடமே இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ என்னைப் பார்த்து, ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே சிரித்தாய்.

ஸ்கேன் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. மூத்திரப்பையில் ஒரு சிறு வளர்ச்சி. குழாய் விட்டு எடுக்க வேண்டும், எடுத்து எந்த வகை என்று பார்க்க வேண்டும். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் வேறு பேச்சு பேசியிருப்போம் என்று டொக்டர் சொன்னது. நான் அதை எனக்கே மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன்.

கைந்நூலில் இரண்டாம் பகுதி சேர்த்திருக்கிறேன், பிரதி இத்துடன். 'அவருக்கு', 'என் அம்மாவுக்கு', 'என் அண்ணனுக்கு'. சொந்த வாயால் சொல்ல முடியாதவர்களுக்காகப் பக்கத்தில் நிற்பவர் சொல்ல வேண்டியவை. இதை எப்படி முதலில் விட்டேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். பக்கத்தில் ஆள் நிற்பது என் யோசனையிலேயே இருக்கவில்லை.

இப்போது பழையது. நாலாவது தாளில் எழுதுகிறேன்.

அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டேய், இது ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகலை ஸ்டேஷன் வரை நடந்தேன். கோச்சி வந்து, போய், சத்தம் அடங்கும் வரை வாங்கில் இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். கரும்பலகையில் ஒரு பொய்யும் எழுதாதவன் என்று பிள்ளைகள் பகிடி பண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டை நினைவு வரும். கிங்ஸ்லி மச்சான் உனக்குச் சொல்லித் தந்தது சரி, டோரீன். தெரியாமல் இருந்தது எனக்கு வந்தது அல்ல. நான் செய்தது. எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் பத்தாம் திகதி என்னை ஆஸ்பத்திரி வாட்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு படிவம் தந்தார்கள். நோயாளியின் கையெழுத்துக்குக் கீழே குடும்பத்தவர் ஒருவர் கையெழுத்து வைக்க ஒரு கோடு இருக்கிறது. ஃபாதர் வைப்பதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டில் உன் கையெழுத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு நீ வர வேண்டும்.

அண்ணன் மரியம்


பொல்பிட்டிய,
2024.05.31

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை றொசானாவிடம்கூடக் காட்டவில்லை. உங்கள் மச்சானுடைய படத்துக்கு முன்னால் வைத்து ஒருதரம் சத்தமாக வாசித்தேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு மனுஷி எட்டிப் பார்த்தாள்.

ஸ்டேஷன் வரை வந்தீர்கள் என்பது நாற்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த வாங்கைப் போய்ப் பார்க்க வேண்டும்.

'என் அண்ணனுக்கு' பகுதியில் மூன்றாவது வாக்கியம் பிழை. வந்து திருத்துகிறேன்.

பத்தாம் திகதி வரமாட்டேன். எட்டாம் திகதியே வருகிறேன், உங்கள் அடுப்படி எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது. கையெழுத்து வைப்பேன். நீங்கள் வீடு திரும்பிய பிறகும் ஒரு மாதம் இருப்பேன். கருவியையும் அலுமாரியிலிருந்து எடுத்திருக்கிறேன். விசில் அடித்தாலும் பரவாயில்லை, அந்த டொக்டர் பிள்ளை பேசுவதை இந்தத் தடவை நானே கேட்க வேண்டும்.

நான் அங்கே இருக்கும்போது றொசானாவுக்கு நீங்கள் கடிதம் எழுதுவீர்கள். அதில் இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதலாம். நீங்கள், நான், பூனை. ஆள் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

தங்கை டோரீன்